விளக்கைப் போட்டதும் காட்டிக்கொடுத்த கண்ணாடி

காசு போட்டால் தானாக வாசிக்கும் பழைய அமெரிக்கப் பியானோ ஒன்றின் மேல்கதவு மூன்று வாரமாக என் மேசையில் கிடக்கிறது. வாசிக்க வேண்டிய பாட்டைத் துளைகளாகத் தாங்கிய காகிதச் சுருளும் காற்றால் இயக்கும் துருத்தியும் ஏற்கெனவே சரியாகிவிட்டன. பாக்கி வண்ணக் கண்ணாடிதான். சீபர்க், வுர்லிட்சர் போன்ற நிறுவனங்கள் 1910, 1920களில் செய்த இந்த வகைப் பியானோக்கள் பலவற்றில் கதவில் கண்ணாடிச் சித்திரம் இருக்கும், அதன் பின்னால் பல்பு எரியும்.

என்னிடம் வந்த கதவில் இரண்டு துண்டுகள் விரிசல், ஒன்று காணவே இல்லை. நடுப்பகுதி விரல் தடிமனுக்கு வெளியே உப்பியிருந்தது.

கை வைக்கும் முன் காகிதத்தை மேலே விரித்து, பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தேன். கண்ணாடித் துண்டுகளைக் கவ்விப் பிடிக்கும் காரீயப் பட்டிகளின் கோடு முழுவதும் அச்சாக விழுந்தது. போட்டோவும் எடுத்தேன். ஆனால் பகல் வெளிச்சத்தில் மட்டும். அந்தத் தப்புக்குப் பின்னால் அனுபவித்தேன்.

முழுவதையும் பிரிக்கவில்லை. பழைய பட்டியில் எவ்வளவு மிஞ்சுகிறதோ அவ்வளவும் லாபம். மழுங்கிய கத்தியால் பட்டியின் உதட்டை மெல்ல நிமிர்த்தினால் துண்டு வெளியே வந்துவிடும். விரிசல் விட்ட இரண்டையும் தூக்கி எறிய மனமில்லை. நீர் போல ஓடும் எப்பாக்சி பசையை விரிசலின் ஓரத்தில் ஒரு சொட்டு வைத்தேன், அது தானே உள்ளே இழுத்துக்கொண்டது. இறுக ஒரு வாரம் விட்டேன். விரிசல் இன்னும் மயிரிழையாகத் தெரிகிறது. தெரியட்டும்.

காணாமல் போன துண்டுதான் படுத்தி எடுத்தது. இது பாலும் தேனும் கலந்தது போன்ற கோடுகள் ஓடும் பால்வண்ணக் கண்ணாடி. கடையில் பழைய துண்டின் பக்கத்தில் வைத்துப் பார்த்து, அச்சு அசல் என்று வாங்கினேன். வெட்டினேன், ஓரம் தேய்த்தேன், பொருத்தினேன். பின்னால் பல்பைப் போட்டால் சுற்றிலும் எல்லாம் தேன் நிறம், இது மட்டும் செங்கல்! மேலே பட்டுத் திரும்பும் வெளிச்சம் காட்டும் நிறம் வேறு, ஊடுருவி வரும் வெளிச்சம் காட்டும் நிறம் வேறு. ஜன்னல் கண்ணாடிக்கே இது பொருந்தும் என்றால், இரவில் விளக்கோடு பார்ப்பதற்கென்றே செய்த கதவுக்குக் கேட்கவே வேண்டாம். ஒரு மரப்பெட்டிக்குள் அதே பல்பை மாட்டி, இனி எந்தத் துண்டையும் அதன் மேல் வைத்துப் பார்த்துத்தான் வாங்குவது என்று முடிவு செய்தேன். அப்படி மூன்றாவதாக வைத்துப் பார்த்த துண்டின் நிறம் பொருந்தியது.

பட்டிகள் சேரும் இடங்களைப் பற்றவைப்பதில் இன்னொரு பாடம். வெள்ளீயம் 60, காரீயம் 40 கலந்த கம்பி சுமார் 190 டிகிரியில் உருகிவிடும். சுத்தக் காரீயம் 327 டிகிரி வரை தாங்கும். இடைவெளி நிறைய இருக்கிறதே என்று அலட்சியமாக இருந்தேன். சூட்டுக்கோலின் நுனி அதைவிடச் சூடாக இருந்தது போல. ஒரு மூலையில் பட்டியே உருகி ஓட்டை விழுந்தது. சூட்டைக் குறைத்து, பட்டியைப் பித்தளைத் தூரிகையால் தேய்த்துப் பளபளப்பாக்கிய பிறகு ஒழுங்காகப் பிடித்தது. (காரீயம் தொட்ட கையோடு டீ குடிக்கும் பழக்கத்தையும் விட்டாயிற்று.)

உப்பலுக்குக் காரணம் கண்ணாடியின் எடை என்றே நினைத்திருந்தேன். திருப்பிப் பார்த்தால், குறுக்கே ஓடும் இரும்புக் கம்பியோடு சித்திரத்தைக் கட்டியிருந்த செம்புக் கட்டுகள் நான்கில் மூன்று அறுந்திருந்தன. பிடிப்பு இல்லாமல், பாஸ் என்னும் கனத்த கீழ்ச் சுரங்கள் அதிர அதிரத் தள்ளிக்கொண்டே போயிருக்க வேண்டும். இளவெயிலில் சூடாக்கி, பலகையும் புத்தகங்களும் ஏற்றி நாலு நாள் விட்டேன். முக்கால்வாசி படிந்தது. அதற்கு மேல் அழுத்தப் பயம். புதுச் செம்புக் கம்பி கட்டிவிட்டு, சுண்ணாம்புத் தூளும் ஆளிவிதை எண்ணெயும் பிசைந்த மக்கைப் பட்டி இடுக்குகளில் தேய்த்து அடைத்தேன்.

நேற்று கதவை மாட்டி ஓடவிட்டேன். வெளிச்சம் பிரமாதம். ஆனால் ஒரே ஒரு பாஸ் சுரம் வரும்போதெல்லாம் கிர்ர் என்று ஒரு சத்தம். அரை மணி நேரம் ஒவ்வொரு துண்டாக விரலால் அழுத்திப் பார்த்தேன். கடைசியில் அது கண்ணாடியே இல்லை, பல்பு ஹோல்டரின் தளர்ந்த திருகு. மக்கு இன்னும் காயவில்லை, அதனால் கதவைத் திரும்பக் கழற்றிப் படுக்கவைத்திருக்கிறேன்.