கைஜஸ்: மோதிரத்தை விடுங்கள், கதவைப் பாருங்கள்

கைஜஸ் ஒரு பழங்கால ராஜா. அந்தப் பெயரைச் சொன்னதுமே தத்துவம் படித்தவர்கள் மோதிரத்தைத்தான் எடுப்பார்கள். பூகம்பத்தில் நிலம் பிளக்கிறது. ஓர் இடையன் உள்ளே இறங்குகிறான். அங்கே வெண்கலக் குதிரை, அதன் வயிற்றுக்குள் பிணம், பிணத்தின் விரலில் தங்க மோதிரம். அதன் குமிழை உள்ளங்கைப் பக்கம் திருப்பினால் ஆள் மறைந்துவிடுவான். அப்புறம் என்ன, ராணியை மயக்கி, ராஜாவைக் கொன்று, நாட்டையும் பிடித்துவிடுகிறான். பிளேட்டோவின் 'குடியரசு' நூலில் கிளாக்கன் சொல்லும் கதை இது. மாட்டவே மாட்டோம் என்று தெரிந்தால் எவன் யோக்கியனாக இருப்பான் என்று கேட்பதற்காகச் சொல்கிறான். அங்கேகூட அந்த இடையன் கைஜஸின் முன்னோர்களில் ஒருவன் என்றுதான் வருகிறது. அதை யார் கவனிக்கிறார்கள்!

எனக்கு அந்த மோதிரத்தின் மேல் பெரிய பிடிப்பில்லை. கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் தன் கைஜஸ் கதையில் ஒரு கதவு வைத்திருக்கிறாரே, அதுதான் பிடிக்கும்.

இன்றைய மேற்குத் துருக்கியில் இருந்த லிடியாவின் தலைநகர் சார்டிஸ். ராஜா கண்டௌலஸ், மெய்க்காவலன் கைஜஸ். தன் மனைவிதான் உலகிலேயே அழகி என்று ராஜாவுக்கு ஒரு பித்து. சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், நீயே அவளை உடையில்லாமல் பார் என்கிறான். கைஜஸ் கெஞ்சிப் பார்க்கிறான், நடக்கவில்லை. திட்டம் ராஜாவுடையது: திறந்திருக்கும் படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் நீ நிற்க வேண்டும், கதவருகே ஒரு நாற்காலி உண்டு, உடைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி அதில்தான் வைப்பாள், முதுகைக் காட்டிக் கட்டிலுக்கு நடக்கும்போது நழுவிவிடு.

அந்த நாற்காலிக்காகவே இந்தப் பகுதியைத் திரும்பத் திரும்பப் படிப்பேன். கதைக்கு அது தேவையே இல்லை, ஆனால் அது வந்ததும் அந்த அறை கண்முன் வந்துவிடுகிறது.

அவன் நழுவும்போது ராணி பார்த்துவிடுகிறாள். கத்தவில்லை. யார் செய்த வேலை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. மறுநாள் காலை நம்பிக்கையான ஆட்களைத் தயாராக வைத்துக்கொண்டு கைஜஸை வரச் சொல்கிறாள். இரண்டு வழி: கண்டௌலஸைக் கொன்று என்னையும் நாட்டையும் எடுத்துக்கொள், இல்லையென்றால் இங்கேயே சாவு. அவன் உயிரைத் தேர்ந்தெடுத்தான். அன்றிரவு கத்தியைக் கையில் கொடுத்து, அதே கதவுக்குப் பின்னால் நிற்கவைத்தாள். கதை முழுவதிலும் தெளிவாக யோசிக்கிற ஒரே ஆள் அவள்தான். ஹெரோடோட்டஸ் அவளுக்கு ஒரு பெயர்கூடக் கொடுக்கவில்லை.

ராஜா செத்ததும் லிடியர்கள் ஆயுதம் எடுத்தார்கள். கடைசியில் கிரேக்க நாட்டு டெல்ஃபி கோயிலின் அருள்வாக்கு என்ன சொல்கிறதோ அதற்குக் கட்டுப்படுவதென்று ஒப்பந்தம். வாக்கு கைஜஸுக்குச் சாதகமாக வந்தது. பிறகு டெல்ஃபிக்கு ஏராளமான வெள்ளியும், 30 தாலந்து எடையில் ஆறு தங்கக் கலசங்களும் போய்ச் சேர்ந்தன. இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. ஐந்தாம் தலைமுறையில் பழி வந்து சேரும் என்றும் அந்த அருள்வாக்கில் ஒரு வரி உண்டாம். ஐந்தாமவன் குரோசஸ், பாரசீக மன்னன் சைரஸிடம் நாட்டைத் தோற்றவன். தோற்ற பிறகு ஒட்டவைத்த வரி அது என்பது என் சந்தேகம்.

கைஜஸ் காலத்தில் வாழ்ந்த கிரேக்கக் கவிஞர் ஆர்க்கிலோகஸின் ஒரு துண்டுக் கவிதையில், பொன் கொழிக்கும் கைஜஸின் செல்வம் எனக்கு வேண்டாம் என்று ஒரு தச்சன் பேசுகிறான். அதில் மோதிரமும் இல்லை, படுக்கையறையும் இல்லை, தங்கம் மட்டும்தான்.

இனி, இன்றைய ஈராக்கில் இருந்த அசீரியத் தலைநகர் நினிவேக்குப் போக வேண்டும். அசீரியப் பேரரசன் அஷூர்பனிபாலின் களிமண் ஆவணங்களில் லுட்டி நாட்டு ராஜா குக்கு என்று ஒருவர் வருகிறார். நம்ம ஆள்தான். என் முன்னோர் பெயர்கூடக் கேள்விப்படாத தூரத்து நாடு என்று அஷூர்பனிபால் பீற்றிக்கொள்கிறார். குக்குவின் தூதன் வந்தபோது அவன் பேசிய மொழி அங்கே ஒருவருக்கும் புரியவில்லையாம். கனவில் அஷூர் கடவுள் வந்து அசீரிய மன்னனின் காலைப் பிடி என்றார், குக்கு பிடித்தான், உடனே, வடக்கிலிருந்து வந்து மோதிய சிம்மேரியர்கள் என்ற குதிரைவீரர் கூட்டத்தை ஜெயித்து, அவர்களின் தலைவர்கள் இரண்டு பேருக்கு விலங்கு பூட்டி அனுப்பிவைத்தான். அப்புறம் தூது அனுப்புவதை நிறுத்திவிட்டு எகிப்து ராஜா சம்மெட்டிகஸுக்குப் படை அனுப்பினான். நான் சபித்தேன், சிம்மேரியர்கள் வந்து அவன் நாட்டைச் சூறையாடினார்கள், அவனும் ஒழிந்தான் என்று முடிக்கிறார் அஷூர்பனிபால். கி.மு. 644 வாக்கில் நடந்தது இது.

ஹெரோடோட்டஸோ கைஜஸ் 38 வருடம் ஆண்டார், மிலேட்டஸ், ஸ்மிர்னா மீது படையெடுத்தார், கொலொஃபோனைப் பிடித்தார், வேறு பெரிதாக ஒன்றும் செய்யவில்லை என்று தாண்டிப் போய்விடுகிறார். வடக்கிலிருந்து குதிரைப்படை வந்து மோதுகிறது, கிழக்கே அசீரியா, தெற்கே எகிப்து என்று ஒரு மனிதர் மாறி மாறித் துணை தேடியிருக்கிறார். அது ஒன்றுமில்லையாம். கதவும் நாற்காலியும் எவ்வளவு பிடித்திருந்தாலும், இந்த ஓர் இடத்தில் ஹெரோடோட்டஸோடு எனக்குச் சண்டைதான்.

சார்டிஸுக்கு வடக்கே பின் தெபெ என்ற இடத்தில் லிடியர்களின் சமாதி மேடுகள் நூற்றுக்கும் மேல் இருக்கின்றன. அதில் பெரிய மேடு ஒன்றை 1960களில் அமெரிக்கக் குழு சுரங்கம் வெட்டித் தேடியது. உள்ளே ஒரு கல்சுவர் கிடைத்தது. அதிலிருந்த குறிகளை 'குகு' என்று வாசித்து, கைஜஸின் சமாதியேதான் என்று நம்பினார்கள். சமாதி அறை அகப்படவில்லை. பின்னால் வந்த ஆய்வாளர்கள் அந்த மேடே கைஜஸுக்குப் பிந்தைய காலத்தது என்கிறார்கள்.