நாற்சார் வீட்டில் இரண்டு இரவு

யாழ்ப்பாணத்து நல்லூரில் ஒரு பழைய நாற்சார் வீட்டில், அதாவது நடுமுற்றத்தைச் சுற்றி நாலு பக்கமும் கட்டிய வீட்டில், இரண்டு இரவு தங்கினோம். காலைச் சாப்பாட்டோடு அறை வாடகைக்கு விடுகிறார்கள். முதல் நாளே நல்ல மழை. ஓட்டு விளிம்பிலிருந்து தண்ணீர் நாலு பக்கமும் நூல் நூலாக நடுமுற்றத்தில் இறங்க, விறாந்தையில் இருந்து தேத்தண்ணி குடித்தோம். மரத்தூண் ஒன்று இடுப்பு உயரத்தில் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. எத்தனை தலைமுறைப் பிள்ளைகள் பிடித்துச் சுற்றினார்களோ!

விடிய, கோயில் மணி கேட்டு எழும்பினோம். "இன்னும் ரெண்டு இடியப்பம் போடுங்கோ பிள்ளை" என்று சொதியை ஊற்றிக்கொண்டே இருந்தா வீட்டுக்கார அன்ரி.

பின்னேரம் யாழ்ப்பாணக் கோட்டைக்குப் போனோம், 1658இல் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடம் பிடித்தது. அப்புறம் 1981இல் எரிக்கப்பட்டு மீண்டெழுந்த யாழ்ப்பாண நூலகம்.

உள்நாட்டுப் போரில் எத்தனையோ நாற்சார் வீடுகள் இடிந்துபோயின. மிஞ்சியதை ஆள் புழங்க வைத்திருப்பவர்களுக்கு மனமார்ந்த நன்றி. மகள் அந்தத் தூணை இன்னொருமுறை சுற்றிவிட்டுத்தான் வேனில் ஏறினாள்.