பூட்டிய அறை, ஒரு டம்ளர் காப்பி: சைக்கலாஜிக்கல் த்ரில்லர் ஓப்பனிங் எடுத்த அனுபவம்

விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) படிப்பின் கடைசி செமஸ்டரில் எங்களுக்கு வந்த வேலை, ஒரு படத்தின் முதல் இரண்டு நிமிஷத்தை மட்டும் டைட்டிலோடு எடுத்துத் தர வேண்டும், வகை சைக்கலாஜிக்கல் த்ரில்லர். கூடவே எப்படித் திட்டமிட்டோம் என்று ஒரு ஃபைல், கடைசியில் வைவா, அதாவது நேரில் கேள்வி கேட்கிற வாய்மொழித் தேர்வு. நாங்கள் நாலு பேர், கையில் இரண்டு போன், வாடகைக்கு எடுத்த ஒரு மைக். இப்போது காரைக்குடி பக்கமிருந்து அதே படிப்பில் இருக்கிற தம்பி தங்கைகள் நிறையப் பேர் கேட்கிறீர்கள் என்பதால் நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

முதலில் எழுதிய கதையில் மழை, கத்தி, ரத்தம், ஓடுகிற பெண், மனநல மருத்துவமனை எல்லாமே இருந்தது. சார் படித்துவிட்டு, "ஏப்பா, இது ட்ரெய்லர், ஓப்பனிங் இல்லை" என்றார். அன்றைக்குக் கோபம்தான் வந்தது, ஆனால் அவர் சொன்னது சரி. ட்ரெய்லர் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் காட்டும், ஓப்பனிங் ஒரே ஒரு முடிச்சைப் போட்டுவிட்டு நிறுத்த வேண்டும். இன்னொன்று, மனநோய் உள்ளவர் என்றாலே கொலைகாரர் என்று காட்டுகிற பழக்கம் நம்மிடம் நிறைய இருக்கிறது, நாங்களும் அதையே எழுதியிருந்தோம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்த நோயோடு தினமும் வாழ்கிறவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள்.

போலீஸ் த்ரில்லரில் "யார் செய்தது" என்பது கேள்வி. சைக்கலாஜிக்கல் த்ரில்லரில் "நான் பார்ப்பது நிஜம்தானா, இந்த ஆள் நம்புவது நிஜம்தானா" என்பதுதான் கேள்வி, அதற்குக் கத்தியே வேண்டாம். இது புரிந்த பிறகு கதையை வீட்டிலிருந்து தேடலாம் என்று முடிவு செய்து, பள்ளத்தூர் பக்கம் ஒரு பழைய வீட்டைப் போய்ப் பார்த்தோம். செட்டிநாட்டு வீடுகள் எப்படி என்று உங்களுக்குத் தெரியும், முகப்பு, வளவு (நடுவில் திறந்த முற்றம்), இரண்டாம் கட்டு என்று தெருவுக்குத் தெரு நீளும், வளவைச் சுற்றி ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும், ஒரு அறை, பங்காளிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க அறைகள் வருஷக்கணக்கில் பூட்டியே கிடக்கும். வரிசையாகப் பூட்டிய கதவுகள், நடுவில் வெயில், ஆளே இல்லை. அங்கே ஒரு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்ததில் கதை தானாக வந்தது.

ஒரு பெண் இரண்டு டம்ளரில் காப்பி ஆற்றுகிறாள். வளவைச் சுற்றி நடந்து கடைசிக் கதவின் முன் ஒரு டம்ளரை வைத்து, "காப்பி ஆறிரும்" என்கிறாள். தூணோரம் உட்கார்ந்து தன் காப்பியைக் குடிக்கிறாள். திரும்பி வந்தால் அந்த டம்ளர் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறது. அவள் சிரிக்கிறாள். அப்போதுதான் கேமரா மேலே போகிறது, கதவில் தூசி படிந்த பூட்டு. அந்தச் சாவி அவள் முந்தானையிலேயே முடிந்திருக்கிறது. டைட்டில்.

இதை ஸ்டோரிபோர்டாக, அதாவது ஷாட் ஷாட்டாகப் படமாக, வரைவதற்கு முன்னால் ஒரு வேலை செய்தோம். இந்தப் பதிவிலிருந்து ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பெரிய தாளில் 120 நொடியையும் பத்துப் பத்தாகக் கோடு போட்டு, ஒவ்வொரு பத்து நொடிக்கும் எதிரே இரண்டு விஷயம் எழுதினோம்: இந்த இடத்தில் அவளுக்கு என்ன தெரியும், பார்ப்பவருக்கு என்ன தெரியும். எழுதிப் பார்த்தபோதுதான், 45ஆவது நொடியில் டம்ளரை வைக்கும்போது பூட்டு கண்ணில் படவே கூடாது என்று தெரிந்தது. பட்டால் கதை அங்கேயே முடிந்துவிடும். ஆகவே அந்த ஷாட் தரையோடு தரையாக, கதவின் அடிப்பலகையும் டம்ளரும் அவள் கையும் மட்டும். பார்க்கிறவர் உள்ளே யாரோ முடியாத பெரியவர் இருக்கிறார் என்று தானே நினைத்துக்கொள்வார், நாம் பொய் சொல்ல வேண்டியதில்லை. எந்த ஷாட் நெருக்கம், எது தூரம், எங்கே வெட்டுவது என்று நாங்கள் அடித்துக்கொண்ட சண்டைகளில் பாதி இந்தத் தாளைப் பார்த்ததும் தீர்ந்தது. 31 ஷாட் பட்டியல் போட்டோம், கடைசியில் படத்தில் நின்றது 17.

அனுமதி பற்றி. பங்கு வீடு என்றால் ஒருவர் சரி என்றால் போதாது, முடிந்தவரை எல்லாப் பங்காளிகளுக்கும் தகவல் போகட்டும், ஒரு தாளில் தேதி, நேரம், எத்தனை பேர் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், ஃபைலிலும் அது இருக்க வேண்டும். எங்களுக்குத் திறந்துவிட்ட ஆச்சி, "எடுத்துக்கங்க தம்பி, சாமி அறைப் பக்கம் மட்டும் போயிராதீக" என்றார், அதற்கு மேல் ஒரு நிபந்தனையும் இல்லை. அப்படி நம்பித் தருகிற வீட்டை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தச் சுண்ணாம்புப் பூச்சுச் சுவரில் டேப் ஒட்டாதீர்கள், உரித்தால் பளபளப்போடு வந்துவிடும், அதைச் சரிசெய்கிற கைகள் இப்போது குறைவு. தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் மேல் ட்ரைபாடை இழுக்காதீர்கள், கால்களில் பழைய துணியைச் சுற்றுங்கள்.

அந்தக் கல்லே எங்களுக்கு லைட்டாகவும் உதவியது. கண்ணாடி மேல் வார்த்து எடுப்பதால் அதன் முகம் வழவழவென்று இருக்கும், வளவில் விழுகிற வெயில் அதில் பட்டுத் தாழ்வாரத்துக்குள் கீழிருந்து மேலாக வரும், முகத்தில் அது விழுந்தால் தனியாக ஒரு பயம் இருக்கிறது. முந்தின ஞாயிற்றுக்கிழமை காலை ஏழிலிருந்து அரை மணிக்கொரு போட்டோ எடுத்து வெயில் எங்கே எப்போது நிற்கிறது என்று குறித்துக்கொண்டோம். அதனால்தான் படப்பிடிப்பு நாளில் ஒன்பது மணிக்கு எந்தத் தூணில் ஆரம்பிப்பது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. வளவு வெளிச்சத்துக்கும் தாழ்வார இருட்டுக்கும் நடுவில் போன் தடுமாறும், எக்ஸ்போஷரை (படம் எவ்வளவு வெளிச்சமாகப் பதிய வேண்டும் என்ற அளவை) வெளிச்சத்துக்கு வைத்துப் பூட்டிவிடுங்கள், இருட்டு இருட்டாகவே இருக்கட்டும். காப்பி ஆவி தெரிய வேண்டுமென்றால் பின்னால் இருட்டு, ஆவிக்குப் பின்பக்கமிருந்து வெளிச்சம், வேறு வழியில்லை.

போன் செட்டிங்கில் ஒன்று. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஆட்டோவில் விட்டால் டியூப்லைட் இருக்கிற ஷாட்டில் பட்டை பட்டையாக ஓடும். நொடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50 நொடி என்று கையால் வையுங்கள், அதற்கு உதவுகிற பிளாக்மேஜிக் கேமரா ஆப் இலவசம்தான்.

ஒலியில்தான் முதல் நாள் முழுக்க வீணானது. கல் தரை, வழவழப்பான சுவர், உயரமான கூரை, "காப்பி ஆறிரும்" என்ற இரண்டு வார்த்தை கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி பதிவாகியிருந்தது. மறுநாள் ஃப்ரேமுக்கு வெளியே ஜமுக்காளம் விரித்து, இரண்டு போர்வையைக் கயிற்றில் தொங்கவிட்டு, மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குக் கொண்டுவந்தோம், சரியாகிவிட்டது. அடுத்த தலைவலி புறா. வளவு முழுக்கப் புறா, நிற்காமல் குமுறிக்கொண்டே இருந்தது, ஒரு டேக்கில் இருக்கும், அடுத்ததில் இருக்காது, வெட்டி ஒட்டினால் சத்தம் துண்டு துண்டாகக் கேட்டது. அப்புறம் எங்களில் ஒருத்தி சொன்ன யோசனைதான் இந்தப் படத்தையே மாற்றியது: யாரும் பேசாமல் அசையாமல் நின்று இரண்டு நிமிஷம் புறாச் சத்தத்தை மட்டும் பதிந்து, முதல் நொடியிலிருந்து எல்லா ஷாட்டுக்கும் அடியில் ஓடவிட்டோம். கவிழ்த்த டம்ளர் தெரிகிற அந்த நொடியில் அதைச் சட்டென்று நிறுத்தினோம். இசையே இல்லை. ஒன்றரை நிமிஷமாகக் காதுக்குப் பழகிப்போன ஒன்று இல்லாமல் போனால் உடம்பு முதலில் உணர்கிறது, காரணம் பிறகுதான் தெரிகிறது.

பின்னணி இசையை நெட்டிலிருந்து எடுக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு, உரிமைப் பிரச்சினை ஒருபக்கம் இருக்கட்டும், அந்த டொய்ங் சத்தம் எல்லோரும் ஆயிரம் தடவை கேட்டது. 1954இலேயே எஸ். பாலசந்தர் பாட்டே இல்லாமல் 'அந்த நாள்' படத்தை எடுத்தார், தயாரித்த ஏவி. மெய்யப்பன் நம் காரைக்குடிக்காரர், ஸ்டுடியோவைச் சென்னைக்கு மாற்றுவதற்கு முன் 1940களில் அதை நடத்தியதும் இங்கேதான். இதைத் தெரிந்துகொண்ட பிறகு இசை இல்லாமல் விடுகிற தைரியம் எங்களுக்கு வந்தது என்பது உண்மை.

எடிட்டிங்கை டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பில் செய்தோம். போன் வீடியோவின் ஃப்ரேம் வேகம் சீராக இருக்காது, தனி மைக்கின் ஒலி போகப் போக உதட்டைவிட்டு விலகும், முதலிலேயே ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் போட்டு வேகத்தை நிலையாக்கிக்கொள்ளுங்கள். டைட்டில் பெயர்கள் வர ஸ்டோரிபோர்டிலேயே காலி இடம் விடுங்கள், எடுத்து முடித்த பிறகு முகத்தின் மேல் பெயர் ஒட்ட வேண்டியிருக்காது. தமிழ் எழுத்தில் கொம்பும் காலும் பிரிந்து தெரிந்தால் வேறு மென்பொருளில் எழுதிப் பின்னணியில்லாத படமாகச் சேர்த்துவிடலாம்.

கதை தெரியாத ஐந்து பேருக்கு ஒரு வார்த்தை முன்னுரை இல்லாமல் போட்டுக் காட்டினோம். என் அப்பத்தா பார்த்துவிட்டு, "அந்தப் புள்ளை யாருக்குக் காப்பி வைக்குது?" என்றது. மற்றவர்களில் இருவர் முந்தானைச் சாவியைக் கவனிக்கவே இல்லை, அந்த ஷாட்டை ஒன்றரை நொடி நீட்டினோம்.

வைவாவில் கேமரா என்ன விலை என்று யாரும் கேட்கவில்லை. "இந்த ஷாட் ஏன் இவ்வளவு கீழே?", "31இல் மற்ற 14 ஏன் போச்சு?", "முதல் கதையை ஏன் விட்டீங்க?" இவைதான் கேள்விகள். ஆகவே தோற்ற டேக், கிழித்த பக்கம், சார் சிவப்பு மையில் எழுதியது எதையும் தூக்கிப் போடாமல் தேதியோடு ஃபைலில் வையுங்கள், எங்களுக்குப் பேச வேண்டியதெல்லாம் அதில்தான் இருந்தது.

முந்தின நாளே திரையிடுகிற ஹாலில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். லேப்டாப்பில் அழகாக இருந்த எங்கள் தாழ்வார இருட்டு, ப்ரொஜெக்டரில் வெறும் கறுப்பாகிப் பூட்டே தெரியவில்லை, ராத்திரி உட்கார்ந்து அந்த நாலு ஷாட்டை மட்டும் வெளிச்சம் ஏற்றி மறுபடி எக்ஸ்போர்ட் செய்தோம்.