உரக்கூடத்துக்குப் பத்து சென்ட் கிடைப்பதற்குள்

எங்கள் பேரூராட்சியில் உரக்கூடம், அதாவது ஊரின் மக்கும் குப்பையை உரமாக்கும் கூடம், கட்ட இடம் ஒதுக்கிய உத்தரவு ஒருவழியாகக் கைக்கு வந்துவிட்டது. ஊர்க் குப்பைக்கு ஒரு திட்டம் போடலாம் என்று வேறு யாராவது கிளம்பினால் அவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன். வயிற்றெரிச்சல் இன்னும் முழுதாக அடங்கவில்லை, அதையும் சேர்த்தே படித்துக்கொள்ளுங்கள்.

மக்கும் குப்பை, மக்காத குப்பை, பச்சைக் கூடை, நீலக் கூடை எல்லாம் உங்களுக்குத் தெரியும். குடியிருப்போர் சங்கத்தில் தீர்மானம் போட்டது, கவுன்சிலர் ஒத்துக்கொண்டது, செயல் அலுவலர் மனுவை வாங்கிக்கொண்டது, இதிலெல்லாம் எந்தச் சிக்கலும் இல்லை. கன்னியாகுமரி மாவட்டத்தில் குப்பையின் கஷ்டத்தை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வலம்புரிவிளைக் கிடங்கு தீப்பிடித்துப் புகைந்ததை நாகர்கோவில்காரர்கள் மறக்கவில்லை. கேரளத்திலிருந்து கழிவு ஏற்றி வந்த வண்டியைப் பிடித்தார்கள் என்ற செய்தியும் ஓய்வதே இல்லை. "நம்ம குப்பைய நாமளே பாத்துக்கிடணும்" என்றால் எல்லோரும் தலையாட்டுவார்கள். சரி, எங்கே வைப்பது என்று கேட்டால் ஆட்டம் நின்றுவிடும்.

இடம்தான் எங்களைப் பாடாய்ப் படுத்தியது. நம் மாவட்டத்தில் காலி நிலம் என்று ஒன்று கிடையாது. 2011 கணக்கெடுப்பிலேயே சதுர கிலோமீட்டருக்கு ஆயிரம் பேருக்கு மேல். ஒரு விளை (தோப்பு) முடிந்தால் அடுத்த விளை, நடுவில் வீடு, அதைத் தாண்டினால் குளம், இல்லையென்றால் சானல் (கால்வாய்). எங்களுக்கு முதலில் காட்டிய இடம், ஊரில் எல்லோரும் சர்க்கார் புறம்போக்கு என்று சொல்லும் முள்காடு. அலுவலகத்திலும் அப்படித்தான் சொன்னார்கள். அதை நம்பி வரைபடம் போட்டு, பொறியாளரை அழைத்து வந்து அளந்து, கோப்பு மேலே போன பிறகுதான், எந்த நிலம் என்ன வகை என்று வருவாய்த் துறை எழுதி வைத்திருக்கும் அ பதிவேட்டை யாரோ திறந்து பார்த்தார்கள். அதில் அது குளம். தண்ணீரைப் பார்த்த ஆள் இன்று ஊரில் இல்லை, ஆனாலும் பதிவேட்டில் குளம் குளம்தான். நீர்நிலைப் புறம்போக்கில் ஒரு செங்கல் வைக்க விடமாட்டார்கள். விடவும் கூடாது, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அதைக் கோப்பு நகர்வதற்கு முன்னால் பார்த்திருக்கலாமே என்பதுதான் என் கோபம். எனவே முதல் வேலையாக சர்வே எண்ணை வாங்கி, அ பதிவேட்டையும் புலப்படத்தையும் (நிலத்தின் அளவு வரைபடம்) நீங்களே பார்த்துவிடுங்கள். இப்போது இரண்டையும் இணையத்திலேயே பார்க்கலாம். யார் வாய்ச்சொல்லையும் நம்பி வரைபடத்துக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

இரண்டாவது இடம் சுத்தமான பதிவு. பத்து சென்ட், பாதையும் உண்டு. அதற்குத்தான் அலுவலக எழுத்தர் ஒருவர் குறுக்கே வந்தார். "குளத்துக்கு 200 மீட்டருக்குள்ள இருக்கு சார், விதிப்படி முடியாது" என்று கோப்பைத் திருப்பிவிட்டார். எந்த விதி என்று கேட்டால் பதில் இல்லை. "விதின்னா விதிதான்." அடுத்த முறை போனால் அவர் விடுப்பு, அதற்கடுத்த முறை கோப்பு வேறு மேசையில். கடைசியில் அப்போது நடப்பிலிருந்த 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளை அச்செடுத்து உட்கார்ந்து படித்தோம். ஆற்றிலிருந்து 100 மீட்டர், குளத்திலிருந்து 200 மீட்டர், வீடு, நெடுஞ்சாலை, குடிநீர்க் கிணற்றிலிருந்து 200 மீட்டர் என்ற கணக்கு அதில் இருக்கத்தான் செய்தது. ஆனால் அது குப்பையைப் புதைக்கும் நிலநிரப்புத் தளத்துக்கு. பதப்படுத்தும் கூடங்களைச் சுற்றி எதுவும் கட்டாத இடைவெளிப் பகுதி விடவேண்டும் என்று சொல்லும் இடத்திலும், நாளுக்கு 5 டன்னுக்கு மேல் கொள்ளளவு இருந்தால் என்றுதான் இருந்தது. எங்கள் கூடம் அதற்குப் பக்கத்தில்கூட வராது. குமரி மாவட்டத்தில் குளத்துக்கு 200 மீட்டர் தள்ளி ஒரு மாட்டுத்தொழுவம் கட்டக்கூட இடம் கிடைக்காது என்பது வேறு விஷயம்! விதிகளின் அந்த இரண்டு பக்கங்களிலும் அடிக்கோடு போட்டு, கழிவுநீர் வெளியே போகாமல் தொட்டியில் பிடித்துத் திரும்பக் குவியலிலேயே தெளிப்போம் என்று எழுதி, மனுவோடு இணைத்து, திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டர் அலுவலகத்திலேயே கொடுத்தோம். ரசீது வாங்க மறக்காதீர்கள். அப்புறம் கோப்பு தானாக நடந்தது.

திட்ட அறிக்கையில் 'நாள்தோறும் சேரும் கழிவு' என்று ஒரு கட்டம் இருக்கும். தலைக்கு இத்தனை கிராம் என்று மக்கள்தொகையால் பெருக்கிப் போடச் சொன்னார்கள். எங்கள் வார்டுக்கு வரும் தூய்மைப் பணியாளர் அக்காதான், "அந்தக் கணக்கு சரிவராது தம்பி, சக்கைக் காலத்துல வந்து பாருங்க" என்றார். சக்கை என்றால் எங்கள் ஊரில் பலாப்பழம். அதனால் ஒரு தொங்கு தராசு வாங்கி, பேட்டரி வண்டி பக்கத்திலேயே நின்று எடை போட்டோம். இந்த ஒரு காரியத்துக்காக எங்களை நாங்களே மெச்சிக்கொள்கிறோம். சக்கைக் காலத்தில் ஈரக்குப்பை மடங்காகிறது. மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) தொலி வருடம் முழுக்க வருகிறது, மீன் கழிவு சந்தை நாளில் கூடுகிறது. முகூர்த்த நாளின் மறுநாள் எல்லாக் கணக்கும் தலைகீழ், காரணம் கல்யாண மண்டபங்கள். நாளுக்குச் சராசரியாக 100 கிலோவுக்கு மேல் குப்பை தருபவர்கள் மொத்தக் கழிவு உருவாக்குபவர்கள், முடிந்தவரை அவர்கள் வளாகத்திலேயே மக்கவைக்க வேண்டும் என்று அதே விதிகளில் இருந்தது. எடைச் சீட்டைக் காட்டியதும் மண்டபங்களுக்குத் தனியாக நோட்டீஸ் போனது. அவற்றைக் கழித்தபோது நாங்கள் கேட்டதைவிடச் சின்னக் கூடமே போதும் என்று ஆயிற்று. பத்து சென்டில் காரியம் முடிந்தது அப்படித்தான்.

மதிப்பீட்டு வரைபடம் வேறு ஏதோ மாவட்டத்துக்குப் போட்டதன் நகல். தொட்டிகளுக்கு மேலே பாதிக் கூரை. ஆடியிலும் ஐப்பசியிலும் நனைகிற ஊருக்கு அது ஆகுமா? உரக்குவியலில் ஈரம் ஐம்பது அறுபது சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வரலாம், ஒழுகினால் நாற்றம் நிச்சயம். எங்கள் சங்கத்து அண்ணாச்சி ஒருவரின் தென்னந்தோப்பில் சோதனைக்கு ஒரு குவியல் போட்டுப் பார்த்தோம். வெறும் சக்கைக் கழிவு கொழகொழவென்று கெட்டது. தும்பு ஆலையிலிருந்து நார்க்கழிவும் காய்ந்த சருகும் கலந்த பிறகு உள்ளே கை வைக்க முடியாத சூடு ஏறியது, ஈயும் குறைந்தது. அதைக் காட்டித்தான் முழுக்கூரை வாங்கினோம். இடத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர்களையும் அங்கேதான் அழைத்துப் போனோம். அதிகம் எதிர்த்தவர் முகர்ந்து பார்த்துவிட்டு இரண்டு நிபந்தனை சொன்னார்: பள்ளிக்கூட நேரத்தில் வண்டி வரக்கூடாது, அவர் வீட்டுப் பக்கம் மதில் உயரமாக இருக்க வேண்டும். இரண்டையும் அறிக்கையிலேயே எழுதினோம், கையெழுத்துப் போட்டார்.

உலர்குப்பையில் பாட்டிலும் அட்டையும் தகரமும் ஆக்கர் கடைக்கு (பழைய சாமான் கடை) போய்விடும், அதற்குத் திட்டமே வேண்டாம். நொறுக்குத்தீனிக் கவர், கிழிந்த பை, பழைய செருப்பு ஆகியவற்றை எந்த ஆக்கர்காரரும் தொடமாட்டார். கிலோவுக்கு 1500 கிலோகலோரிக்கு மேல் வெப்பம் தரும் கழிவைப் புதைக்கக் கூடாது என்று அந்த 2016 விதிகளில் இருந்தது, அதனால் சிமெண்ட் ஆலைக்கு எரிபொருளாக அனுப்ப வேண்டும். ஆனால் லாரி நிறையாமல் யாரும் வரமாட்டார்கள், எங்கள் ஊர் அளவில் லாரி நிறைய மாதக்கணக்கில் ஆகும். அதுவரை நனையாமல் கட்டிவைக்க ஓர் அறை கேட்டிருந்தோம். மதிப்பீட்டில் அதை மட்டும் சிவப்பு மையால் அடித்துவிட்டார்கள். அதற்குத் தனி மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். குழந்தைகளின் டயப்பருக்கும் நாப்கினுக்கும் இன்னும் வழி கிடைக்கவில்லை, இப்போதைக்கு தனியாகக் காகிதத்தில் சுற்றி வாங்குவதோடு நிற்கிறது.

மாவட்டத்தில் பக்கத்துப் பக்கத்துப் பேரூராட்சிகள் இரண்டு மூன்று சேர்ந்து ஒரே லாரியில் சிமெண்ட் ஆலைக்கு அனுப்பியிருந்தால், வாடகையை எப்படிப் பிரித்தீர்கள், யார் பெயரில் தீர்மானம் போட்டீர்கள் என்று சொல்லுங்கள். மனுவில் சேர்க்க வேண்டும்.