மே மாதத்தில் உறவினரோடு தில்லி

தமிழ்நாட்டில் ஆண்டுத் தேர்வுகள் முடிந்த கையோடு, தில்லியில் இருக்கும் தமிழர் வீடுகளுக்கு விருந்தினர் வரத் தொடங்குவார்கள். ஊரில் பள்ளி விடுமுறைக்கு வசதியான மாதம் மே. தில்லியைச் சுற்றிப் பார்க்கச் சற்றும் ஒத்துவராத மாதமும் அதுவேதான். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இந்த நகரம் எங்கும் பூவாக இருக்கும், ஆனால் அப்போது பிள்ளைகளுக்குத் தேர்வு. அரையாண்டு விடுமுறையில் வரலாமென்றால், டிசம்பர் கடைசியில் இறங்கும் மூடுபனியில் ரயில் எத்தனை மணி நேரம் தாமதமாகும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே பருவத்தைக் குறைசொல்லிக்கொண்டிருப்பதை விட்டுவிட்டு, வெயில் 45 டிகிரியைத் தொடும் நாட்களில் பெரியவர்களையும் சிறு குழந்தைகளையும் வைத்துக்கொண்டு எதைப் பார்ப்பது, எப்போது பார்ப்பது என்று யோசிப்பதுதான் நடைமுறைக்கு உதவும்.

இம்முறை வந்தவர்கள் பெரியப்பா, பெரியம்மா, அண்ணன், அண்ணி, அவர்களுடைய ஏழு வயது மகன், இரண்டரை வயது மகள். எங்கள் வீட்டு ஐந்து வயதுக்காரியும் சேர்ந்துகொண்டாள். ஒவ்வொருவர் மனத்திலும் ஒரு தில்லி இருந்தது. பெரியப்பாவுக்குச் செங்கோட்டையும் குதுப் மினாரும். பெரியம்மாவுக்கு மலை மந்திர் என்ற முருகன் கோயிலும் அக்‌ஷர்தாமும். அண்ணிக்குச் சரோஜினி நகர் சந்தை. ஏழு வயதுக்காரனுக்கு மெட்ரோ ரயில். இத்தனையையும் ஒரே நாளில் வாடகை வண்டி வைத்து முடித்துவிடலாம் என்று சொல்லும் ஓட்டுநர்கள் உண்டு. அப்படிப் போனால் எல்லா இடங்களின் வாசலையும் பார்க்கலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. காலை பத்து மணிக்குள் ஒரு பெரிய இடம், நடுப்பகலில் வீடு அல்லது கூரைக்குள் இருக்கும் ஏதாவது ஒன்று, மாலையில் காற்றாட ஓர் இடம் என்று வைத்துக்கொண்டோம். எந்த இடத்தில் எவ்வளவு நேரம் நிற்பது என்பதைப் பெரியம்மாவின் முழங்காலும் இரண்டரை வயதுக்காரியின் தூக்கமும் தீர்மானித்தன. மற்றவர்கள் அனுசரித்துப் போக வேண்டியிருந்தது.

திட்டம் போடும் முன் விடுமுறை நாட்களைப் பார்த்துக்கொள்வது மிக அவசியம். செங்கோட்டை, தாமரைக் கோயில், அக்‌ஷர்தாம், தேசிய அருங்காட்சியகம், ரயில் அருங்காட்சியகம் ஆகிய எல்லாவற்றுக்கும் திங்கட்கிழமை விடுமுறை. உயிரியல் பூங்காவுக்கோ வெள்ளிக்கிழமை. ஞாயிறு காலையில் வந்திறங்கி, அன்று ஓய்வெடுத்துவிட்டுத் திங்கட்கிழமை உற்சாகமாகக் கிளம்புகிறவர்கள் பூட்டிய கதவுகளைத்தான் பார்ப்பார்கள். திங்கட்கிழமையைக் குதுப் மினாருக்கோ ஹுமாயூன் கல்லறைக்கோ லோதி தோட்டத்துக்கோ ஒதுக்கிவிட வேண்டும்; இவை வாரம் முழுவதும் திறந்திருக்கும். தொல்லியல் துறையின் பராமரிப்பிலுள்ள சின்னங்களில் பதினைந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. பெரியவர்களுக்கு முதல் நாள் இரவே இணையத்தில் சீட்டு எடுத்துவிட்டால் வெயிலில் வரிசையில் நிற்க வேண்டியதில்லை.

குதுப் மினாருக்கு நாங்கள் விடிந்ததும் போய்விட்டோம். அங்கே சூரிய உதயத்திலேயே கதவு திறந்துவிடும் என்பது வெளியூர்க்காரர் பலருக்குத் தெரிவதில்லை. குதுப் மினார் மெட்ரோ நிலையத்திலிருந்து மினார் நடக்கும் தொலைவில் இருப்பதாகப் பெயரைப் பார்த்து எண்ணிவிடக் கூடாது. ஒரு கிலோமீட்டருக்கு மேல் உண்டு, ஆட்டோ பிடிப்பதே நல்லது. ஏறத்தாழ 73 மீட்டர் உயரமுள்ள அந்தக் கோபுரத்தை அடியில் நின்று அண்ணாந்து பார்த்த எங்கள் வீட்டுச் சிறுமி, நிலைதடுமாறித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு அப்படியே படுத்துக்கொண்டு பார்த்தாள். உண்மையில் அதைப் பார்க்க அதைவிடச் சிறந்த முறை இல்லை. கீழ்த்தளத்தில் வட்டமும் கூர்முனையும் மாறி மாறி வரும் மடிப்புகள், அதற்கு மேல் வட்டம் மட்டும், அதற்கும் மேல் கூர்முனை மட்டும் என்று தளத்துக்குத் தளம் வடிவம் மாறுவதை அவள்தான் முதலில் சொன்னாள்.

உள்ளே 379 படிகள் இருக்கின்றன என்று படித்துவிட்டு வந்திருந்த பையனுக்கு, ஏற முடியாது என்பதில் பெரிய வருத்தம். 1981ஆம் ஆண்டு டிசம்பரில் படிக்கட்டின் இருட்டுக்குள் ஏற்பட்ட நெரிசலில் பலர், பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள், இறந்த பிறகு அந்தக் கதவு பொதுமக்களுக்குத் திறக்கப்படவே இல்லை. இதை ஏழு வயதுப் பிள்ளையிடம் எந்த அளவுக்குச் சொல்வது என்று அண்ணன் தயங்கினார். பெரியப்பா தயங்கவில்லை, நடந்ததை நாலே வாக்கியத்தில் சொன்னார், அவனும் அதற்கு மேல் கேட்கவில்லை. அதே வளாகத்திலுள்ள இரும்புத் தூண் அருகே வருத்தப்படுவது பெரியப்பாவின் முறையாயிற்று. இளவயதில் ஒருமுறை வந்தபோது, தூணில் முதுகைச் சாய்த்துக் கைகளைப் பின்புறமாகக் கோத்துப் பார்த்திருக்கிறார்; அப்படிக் கோக்க முடிந்தவர்களுக்கு நினைத்தது நடக்கும் என்பது அப்போதைய நம்பிக்கை. 1997 முதல் தூணைச் சுற்றி வேலி போட்டுவிட்டார்கள். கை எட்டியதா என்று கேட்டதற்கு அவர் நேரடியாகப் பதில் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்துப்போனது அலாய் மினார்தான். குதுப் மினாரைப்போல இரு மடங்கு உயரத்துக்குக் கட்ட வேண்டுமென்று அலாவுதீன் கில்ஜி தொடங்கி, முதல் தளத்தோடு நின்றுபோன கரடுமுரடான கல்குவியல் அது. பெரியவர்களும் ஒரு வேலையைத் தொடங்கிவிட்டுப் பாதியில் விட்டுவிடுவார்கள் என்பது அவர்களுக்கு மனநிறைவைத் தந்திருக்க வேண்டும்.

செங்கோட்டையைப் பற்றி எனக்கு அவ்வளவு உற்சாகம் இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். 1639இல் தொடங்கி 1648இல் ஷாஜகான் முடித்த கோட்டை, வரலாறு படித்தவர்களுக்குப் பெரிய அனுபவம்தான். ஆனால் லாகூர் வாயிலில் நுழைந்து, சத்தா சவுக் கடைகளைக் கடந்து, மன்னர் மக்களைச் சந்தித்த திவானி ஆம் மண்டபத்தைத் தாண்டி, யமுனைப் பக்கத்து மண்டபங்கள் வரை போவதற்குள் நிழலற்ற நீண்ட வெளிகளில் நடக்க வேண்டும். 1857க்குப் பிறகு ஆங்கிலேயர் பெரும்பகுதியை இடித்துவிட்டதால் வந்த வெறுமை அது. பெரியம்மா கடைத்தெருவோடு நின்றுகொண்டார். ஆகஸ்ட் 15இல் பிரதமர் கொடியேற்றும் இடத்தை வெளியிலிருந்து பார்த்ததே பெரியப்பாவுக்குப் போதுமானதாக இருந்தது. கால்வலி உள்ளவர்களும் கைக்குழந்தையும் இருக்கும் கூட்டமென்றால், கோட்டைக்குப் பதிலாக ஹுமாயூன் கல்லறையையும் அதையொட்டிய சுந்தர் நர்சரி பூங்காவையும் நான் சொல்வேன். ஒன்றில் கட்டடம், மற்றொன்றில் மரநிழலும் தண்ணீரும் புல்வெளியும் என்று இருவகை ஆட்களுக்கும் பொருந்தும்.

மெட்ரோவைப் போக்குவரத்து வசதியாக மட்டும் எண்ண வேண்டாம். குழந்தைகளுக்கு அதுவே பார்க்க வேண்டிய இடம். 90 சென்டிமீட்டர் உயரத்துக்குள் இருக்கும் குழந்தைக்குச் சீட்டு வேண்டாம். அலுவலக நேரமான காலை ஒன்பது மணிக்குப் பின்னும் மாலை ஆறு மணிக்கு மேலும் ராஜீவ் சவுக் நிலையத்தில் ரயில் மாறுவதை மட்டும் தவிர்க்க வேண்டும். அந்தக் கூட்டத்தில் குழந்தையின் கை நழுவுவதற்கு ஒரு நொடி போதும். முதல் பெட்டி பெண்களுக்கானது என்பதால் அண்ணியும் பெரியம்மாவும் அங்கே ஏறிக்கொள்ளலாம் என்ற யோசனை வந்தது. வேண்டாமென்று நான் மறுத்தேன். மொழி தெரியாதவர்களை இரண்டு பெட்டிகளாகப் பிரிப்பதைவிட, எல்லோரும் ஒரே பெட்டியில் நெருக்கியடித்துப் போவது மேல். ஒவ்வொரு பிள்ளையின் சட்டைப் பையிலும் கைபேசி எண் எழுதிய துண்டுச்சீட்டு இருந்தது. பெரியம்மாவின் கைப்பையிலும் ஒன்றை வைத்தேன், அவர் கோபித்துக்கொண்டார்.

தஞ்சாவூர்ப் பக்கத்து வெயிலில் பழகியவர்கள் தில்லி வெயிலைக் குறைவாக மதிப்பிடுவதற்கு ஒரு காரணம் உண்டு. ஊரில் வியர்த்துக் கொட்டும். உடம்பு களைத்துவிட்டது என்று அதுவே சொல்லிவிடும். இங்கே காற்றில் ஈரமே இல்லாததால் வியர்வை வந்ததும் காய்ந்துவிடுகிறது. சட்டை நனையவில்லை, ஆகவே ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே தலைவலியும் மயக்கமும் வரும். மதியம் வீசும் ‘லூ’ என்ற அனல்காற்று அடுப்பின் முன் நிற்பதைப் போன்றது. தாகம் எடுக்கும்வரை காத்திராமல், அரை மணிக்கொரு தரம் குழந்தைகளுக்கு இரண்டு வாயாவது தண்ணீரோ உப்புப் போட்ட மோரோ கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பகல் பன்னிரண்டிலிருந்து நான்கு மணிவரை வெளியில் எந்த வேலையும் வைத்துக்கொள்ளவில்லை.

அந்த நேரத்துக்கு ஜன்பத்திலுள்ள தேசிய அருங்காட்சியகம் கைகொடுத்தது. மொகஞ்சதாரோ நடனமங்கையைப் பாடப்புத்தகத்தில் பக்கம் நிறையப் பார்த்திருந்த பையன், கண்ணாடிப் பெட்டிக்குள் நின்ற உருவத்தைப் பார்த்துவிட்டு இது பொம்மை, அசல் எங்கே அத்தை என்று கேட்டான். அசலே 10.5 சென்டிமீட்டர்தான் என்றதும் தன் உள்ளங்கையை விரித்து அளவு பார்த்தான். இடுப்பில் ஊன்றிய கை, தோள்வரை அடுக்கிய வளையல்கள், அலட்சியமாகத் தூக்கிய முகவாய் என்று அந்தச் சிறிய உருவத்தின் முன் அவன் நின்ற நேரம், செங்கோட்டையின் எந்த மண்டபத்திலும் நிற்கவில்லை. பெரியம்மா சோழர் காலச் செப்புத் திருமேனிகள் இருந்த கூடத்தில் செருப்பைக் கழற்ற இடம் தேடினார். கழற்ற வேண்டியதில்லை என்று சொன்ன பிறகும், நடராசரின் முன் கைகூப்பி நின்றுவிட்டுத்தான் நகர்ந்தார். காவலர் ஒன்றும் சொல்லவில்லை.

மாலைகளில் இந்தியா கேட் பக்கம் போனோம். மத்தியச் செயலகம் மெட்ரோவில் இறங்கிக் கர்தவ்ய பாதையில் நடந்தே போகலாம் என்பார்கள். குழந்தைகளோடு அது பெருந்தொலைவு. 42 மீட்டர் உயரமுள்ள அந்த வளைவைவிட, அதன் பின்புறம் 2019இல் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவகத்தில் பெரியப்பா அதிக நேரம் இருந்தார். வட்டவட்டமாக எழுப்பியிருக்கும் சுவர்களில் கல்லுக்கு ஒரு பெயராக, உயிர்நீத்த வீரர்களின் பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தமிழ்ப் பெயர்களாகத் தேடி வாசித்துக்கொண்டே போக, பையன் கூடவே நடந்து எண்ணிக்கொண்டிருந்தான். இருட்டும் வரை அவர்களைக் கிளப்ப முடியவில்லை.

தாமரைக் கோயிலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 27 பளிங்கு இதழ்களோடு 1986இல் திறக்கப்பட்ட அழகான கட்டடம். உள்ளே முழு அமைதி காக்க வேண்டும். இரண்டரை வயதுக் குழந்தைக்கும் முழு அமைதிக்கும் என்ன சம்பந்தம்? ஆட்களைப் பிரித்து முறைவைத்துப் போய்வந்தோம். அக்‌ஷர்தாமில் கைபேசிகளையும் மின்னணுப் பொருட்களையும் வாசலிலேயே ஒப்படைக்க வேண்டும் என்பதால், உள்ளே பிரிந்துவிட்டால் ஒருவரையொருவர் கண்டுபிடிப்பது கடினம். எங்கே, எத்தனை மணிக்குச் சந்திப்பது என்று நுழையும்போதே பேசிக்கொள்ள வேண்டும். பெரியம்மாவுக்கு இவை எல்லாவற்றையும்விட ராமகிருஷ்ணபுரத்து மலை மந்திர்தான் நிறைவு தந்தது. ‘யாமிருக்க பயமேன்’ என்ற வரியைத் தமிழில் பார்த்ததும், ஊரிலிருந்து கிளம்பியதிலிருந்து இறுக்கமாக இருந்த அவர் முகம் தளர்ந்தது. அன்று அவருடைய முழங்கால் படியேற மறுக்கவில்லை.

ஆக்ராவைப் பற்றிப் பேச்சு வராமல் எந்த உறவினரும் தில்லியிலிருந்து கிளம்பியதில்லை. தாஜ்மகாலுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஹஸ்ரத் நிஜாமுதீன் நிலையத்திலிருந்து காலையில் புறப்பட்டு நூறு நிமிடங்களில் ஆக்ரா சேரும் கதிமான் எக்ஸ்பிரஸும் அன்று ஓடாது. கொதிக்கும் பளிங்குத் தரையில் குழந்தைகளை நடத்திச் செல்வதில் எனக்கு விருப்பமில்லை என்பதால், பெரியவர்கள் மூவரையும் அண்ணியையே தலைவியாக்கி அந்த ரயிலில் அனுப்பிவிட்டு, நானும் அண்ணனும் பிள்ளைகளைச் சாணக்கியபுரி ரயில் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனோம். 1977இல் தொடங்கிய இடம் அது. ஒரு சக்கரம் தண்டவாளத்திலும் மற்றொன்று சாலையிலும் ஓடும்படி பட்டியாலா சமஸ்தானத்தில் செய்த ஒற்றைத் தண்டவாள ரயிலை அங்கே வைத்திருக்கிறார்கள். சிறுவர் ரயிலில் இரண்டு சுற்று முடிந்ததும் மூன்றாவதற்கு வரிசையில் நின்றோம். இரண்டரை வயதுக்காரி அண்ணன் தோளில் உறங்கிவிட்டதால் அவர்கள் இருவரும் மரத்தடியில் தங்கிவிட்டார்கள்.