பூட்டியும் சுட்ட ஏர் ரைஃபிள்

மகள் ஒன்பதாம் வகுப்பு. கூடப் படிக்கிற பெண் ஒருத்தி பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டிக்குப் போய்வந்த கதையைக் கேட்டதிலிருந்து தானும் பழக வேண்டும் என்று ஒரு வருஷம் நச்சரித்தாள். போட்டி ரைஃபிளின் விலை நமக்கு எட்டாது. முதலில் கை பழகட்டும் என்று, குழலை மடக்கி லோடு செய்கிற சாதாரண ஸ்பிரிங் ரைஃபிள் ஒன்றை வாங்கினேன். 4.5 மில்லிமீட்டர் குழல். இந்த அளவுக்குள் இருந்து, வெளிவரும் குண்டின் ஆற்றல் 20 ஜூல் அளவைத் தாண்டாமல் இருந்தால் 2016 ஆயுத விதிகளின்படி லைசென்ஸ் தேவையில்லை. தக்கலைப் பக்கம் எங்கள் வீட்டுக்குப் பின்னால் மதில் வரை பதினோரு மீட்டர் கிடைக்கிறது. பழைய துணி திணித்த மரப்பெட்டி, அதற்குப் பின்னால் கனமான இரும்புத் தகடு. அதுதான் எங்கள் ரேஞ்ச்.

துப்பாக்கியில் குறை என்றால் டிரிகர்தான். பிளாஸ்டிக். இழுக்க இழுக்க வந்துகொண்டே இருக்கும், எப்போது சுடும் என்று தெரியாது. அதே மாடலுக்குப் பொருந்தும் என்று சொல்லி விற்ற உலோக டிரிகர் ஒன்றை ஆன்லைனில் வரவழைத்தேன். அதில் குட்டியாக இரண்டு ஸ்க்ரூ இருக்கும். இழுப்பு இரண்டு கட்டம்: முதலில் லேசாக வரும், அப்புறம் கொஞ்சம் தடுத்து நின்று சுடும். ஒரு ஸ்க்ரூ முதல் கட்ட இழுப்பின் நீளத்தை மாற்றுவது, மற்றது இரண்டாம் கட்டத்தை. உதயகிரிக் கோட்டையில் திருவிதாங்கூர் படைத்தளபதி டிலனாய் பீரங்கி வார்த்த மண்ணில் பிறந்தவனுக்கு ஒரு டிரிகர் மாற்றத் தெரியாதா என்று ஒரு நினைப்பு வேறு.

மாற்றுவது உண்மையில் கஷ்டமில்லை. துப்பாக்கியின் கட்டையைக் கழற்றி, முனையைத் தட்டையாக அரவிய ஆணியால் பின்னைத் தட்டி எடுத்து, ஸ்பிரிங் துள்ளிப் போகாமல் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டு புதியதை வைத்தேன். ஒவ்வொரு கட்டத்திலும் போனில் படம் எடுத்துக்கொண்டேன். அதுதான் பின்னால் கைகொடுத்தது. முதல் கட்ட ஸ்க்ரூவை உள்ளே திருகத் திருக டிரிகர் அவ்வளவு அழகாக வந்தது. லேசாகத் தொட்டால் போதும், சுடும். எனக்கு ஒரே பெருமை.

சேஃப்டி லீவர் மட்டும் போகவில்லை. என் ரைஃபிளில் அது டிரிகருக்கு முன்னால், டிரிகரைச் சுற்றியிருக்கும் வளையத்துக்குள்ளேயே இருக்கும். முன்னால் தள்ளினால் சுடும், பின்னால் இழுத்தால் பூட்டும். பின்னால் இழுத்தால் பாதி வழியில் ஏதோ கல்லில் இடித்த மாதிரி நின்றுவிடுகிறது. ஸ்பிரிங்கின் கால் இடம் மாறி லீவரின் மேல் ஏறிவிட்டதோ என்று திறந்து, படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். அது சரியாகத்தான் இருந்தது. அப்புறம்தான் அந்தப் புத்திசாலித்தனத்தைச் செய்தேன். லீவரின் மூக்கு இடிக்கிறது என்றால் மூக்கைக் குறைத்தால் போச்சு. அரத்தை எடுத்து நாலு தேய், போட்டுப் பார், மறுபடி நாலு தேய். கடைசியில் வழுக்கிக்கொண்டு போகட்டும் என்று உப்புத்தாளும் போட்டேன். லீவர் வெண்ணெய் மாதிரி போய் உட்கார்ந்தது.

மறுநாள் மகள்தான் கண்டுபிடித்தாள். "அப்பா, பூட்டியிருக்கும்போதும் டிரிகர் கொஞ்சம் அசையுது."

அசைந்தால் என்ன, பூட்டு பூட்டுதானே என்று சொல்ல வாய் வந்துவிட்டது. நல்லவேளை, சொல்லவில்லை. அவளை வீட்டுக்குள் போகச் சொல்லிவிட்டு, ஒரு பெல்லட், அதாவது குட்டி ஈயக் குண்டு, போட்டு, குழலைப் பெட்டிக்கு நேராகப் பிடித்து, லீவரைப் பின்னால் இழுத்துப் பூட்டி, டிரிகரை அழுத்தினேன். சுட்டது. பெரிதாக அழுத்தவும் இல்லை.

பெல்லட் இல்லாமல் சும்மா சுட்டுப் பார்க்கலாமே என்று கேட்பார்கள். ஸ்பிரிங் ரைஃபிளில் அது கூடாது. முன்னால் காற்றுக்குத் தடை இல்லாததால், காற்றை அழுத்த ஸ்பிரிங் தள்ளிவிடும் பிஸ்டன் போய் முனையில் மோதும். சீலும் ஸ்பிரிங்கும் சீக்கிரம் கெட்டுவிடும். குழலை மடக்கி வைத்த நிலையிலும் டிரிகரைச் சோதிக்கக் கூடாது. பிஸ்டனைப் பிடித்திருக்கும் கொக்கி நழுவினால் குழல் மேலே அறைந்துகொண்டு வரும். விரல் நடுவில் இருந்தால் விரல் இருக்காது.

சாயங்காலம் துப்பாக்கியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வடசேரி மாமா வீட்டுக்குப் போனேன். கோயில் நகைப் பட்டறையில் முப்பது வருஷம் கல் பதித்த கை. துப்பாக்கியைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது, அரத்தைப் பற்றி எல்லாம் தெரியும்.

"லீவரு போவுது, சரி. பூட்டுதான்னு பாத்தியா மக்கா?" என்றார். நான் சுட்ட கதையைச் சொன்னேன். "அப்போ நீ அரவுனது எடஞ்சலை இல்ல, பூட்டையாக்கும்."

பாகங்களைப் பிரித்து மேஜையில் வைத்தோம். டிரிகரின் அச்சுக்குப் பின்னால் வால் போல ஒரு நீட்டம் இருக்கிறது. விரலால் இழுத்தால் வால் மேலே எழும்பும். எழும்பி, பிஸ்டனைப் பிடித்து வைத்திருக்கும் சியர் என்கிற கொக்கியைத் தட்டிவிடும். சேஃப்டி லீவரின் மூக்கு செய்கிற வேலை ஒன்றே ஒன்று: வாலுக்கு மேலே வந்து உட்கார்ந்து அதை எழும்பவிடாமல் செய்வது. மாமா நல்லெண்ணெய் விளக்கு ஒன்றை ஏற்றி, திரியை நீட்டி, மூக்கைக் குறட்டில் பிடித்துச் சுடருக்கு மேலே காட்டினார். மூக்கு முழுக்கக் கரி படிந்தது. அப்படியே கோர்த்து, லீவரைப் பூட்டி, டிரிகரை இரண்டு தடவை இழுத்துவிட்டுக் கழற்றினார். கரி அப்படியே இருந்தது. ஓரத்தில் மட்டும் மயிரிழை அகலத்தில் ஒரு கோடு பளபளத்தது. மொத்தப் பூட்டும் அந்த ஒரு கோட்டில் நின்றிருக்கிறது.

அப்படியென்றால் முதலில் ஏன் இடித்தது? படங்களைப் பார்த்தபோது புரிந்தது. இழுப்பைக் குறைக்கிறேன் என்று முதல் கட்ட ஸ்க்ரூவை நான் உள்ளே திருகியதில், டிரிகரைத் தொடாதபோதே வால் பாதி எழும்பி நின்றுவிட்டது. மூக்கு வந்து உட்கார வேண்டிய இடத்தில் வால் நிற்கிறது. ஸ்க்ரூவை ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்திருந்தால் தீர்ந்திருக்கும். நான் மூக்கைத் தேய்த்தேன். வாலோ சியரைத் தட்டுவதற்கு நூலிழை தூரத்தில் இருந்தது. மூக்கில் கொஞ்சம் இடைவெளி கிடைத்ததும் அது போதுமாக இருந்தது. பழைய பிளாஸ்டிக் டிரிகரையே திரும்பப் போட்டாலும் தேய்த்த லீவரை இனி நம்ப முடியாது.

புதிய லீவர் வர ஒன்பது நாள் ஆனது. அதுவரை துப்பாக்கி அலமாரியில், பூட்டோடு. வெளியே ஆனிச் சாரல். மகள் முகத்தில் அதைவிட.

வந்ததும் முதல் வேலையாக ஸ்க்ரூவை ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்தேன். லீவர் அரம் படாமலே போய் உட்கார்ந்தது. மறுபடி விளக்குக் கரி. இந்தத் தடவை மூக்கின் முகம் முழுக்கக் கரி துடைத்துப் போயிருந்தது. இன்னொன்றும் கண்ணில் பட்டது. புது டிரிகரின் அச்சுத் துளை பின்னைவிடக் கொஞ்சம் பெரியது, பக்கவாட்டில் ஆடுகிறது. கோட்டாறில் ஒரு லேத் பட்டறையில் துளைக்குப் பொருத்தமாக ஒரு பின்னைக் கடைந்து வாங்கினேன். அவர் பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டு, எதற்கு என்று கூடக் கேட்கவில்லை.

அப்புறம் சோதனை. வளைகுடாவிலிருந்து வந்த மைத்துனன் விட்டுப்போன, பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசு கிடந்தது. துப்பாக்கியை லோடு செய்து, குழலைப் பெட்டிக்கு நேராக வைத்துக் கட்டி, டிரிகரில் கயிறு மாட்டி இழுத்தேன். பூட்டாமல் இழுத்தால் 1.1 கிலோவில் சுட்டது. பூட்டிய பிறகு 4 கிலோ வரை இழுத்தும் அசையவில்லை. பத்துத் தடவை. பூட்டை எடுத்த உடனே தானாகச் சுடுகிறதா என்றும் பார்த்தேன், இல்லை. கட்டையில் ரப்பர் சுத்தியலால் தட்டியும் பார்த்தேன். இந்த மாதிரி ரைஃபிளில் சேஃப்டி பிடிப்பது டிரிகரைத்தான், சியரை அல்ல. கொக்கி தேய்ந்திருந்தால், பூட்டியிருந்தாலும் அதிர்ச்சியில் நழுவலாம். அதனால் பூட்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும் எங்கள் வீட்டில் குழல்வாய் பெட்டியைத் தவிர வேறெங்கும் திரும்பாது.

ஸ்க்ரூ அதிர்வில் தளராமல் இருக்க நீல லாக்டைட் பசை ஒரு சொட்டு. அதற்கு மேலே மகளின் சிவப்பு நெயில் பாலிஷால் ஸ்க்ரூ தலையிலிருந்து டிரிகர் வரை ஒரு கோடு. ஸ்க்ரூ நகர்ந்தால் கோடு உடையும்.

ஸ்க்ரூவை வெளியே எடுத்ததால் நான் காசு கொடுத்து வாங்கிய அந்தக் குட்டி இழுப்பில் பாதி போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை மகள் ஐந்து பெல்லட் சுட்டாள். ஐந்தும் ஒரு பத்து ரூபாய் நாணயத்துக்குள். ஸ்க்ரூவின் சிவப்புக் கோட்டைப் பார்த்துவிட்டு, பூட்டிவிட்டு, துப்பாக்கியை என்னிடம் நீட்டினாள்.

"பழைய டிரிகரும் இப்படித்தானேப்பா இருந்துச்சு?"