கார் அப்!

லண்டனுக்கு வந்த முதல் வருடம் எனக்கு ஆங்கிலம் தெரியாமல் இல்லை. அலுவலகத்தில் நாள் முழுக்க அதில்தான் பேசினேன். ஆனால் வேலை முடிந்தபின் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட இங்கே ஒருவரும் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரரோடு ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான்.

ஒரு பழைய சைக்கிளை வாங்கிக்கொண்டு, தெற்கு லண்டனில் உள்ள சைக்கிள் கிளப் ஒன்றின் ஞாயிற்றுக்கிழமைச் சவாரிக்குப் போனேன். புதியவர்களுக்கான குழு அது. யாரையும் விட்டுவிட்டுப் போக மாட்டோம் என்றார்கள், அப்படியே செய்தார்கள். ஒவ்வொரு மேட்டின் உச்சியிலும் மொத்தக் குழுவும் எனக்காக நின்றது. நான் வந்து சேர்ந்ததும் உடனே கிளம்பவும் இல்லை. நான் தண்ணீர் குடித்து மூச்சு வாங்கும்வரை பொறுத்தார்கள். இந்த ஒன்றுக்காகவே அடுத்த வாரமும் போனேன்.

கூட்டமாக ஓட்டுவதற்குத் தனி மொழி இருக்கிறது. முன்னால் போகிறவருக்கு முதுகுக்குப் பின்னால் என்ன வருகிறது என்று தெரியாது. பின்னால் வருகிறவருக்கு முன்னால் உள்ள சாலையே தெரியாது. ஒருவர் கண்டதை எல்லோருக்கும் கடத்தியாக வேண்டும். குழி வந்தால் விரலால் தரையைக் காட்ட வேண்டும். ஓரத்தில் வண்டி நின்றால், கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், விலக வேண்டிய பக்கத்தைக் காட்ட வேண்டும். எங்கள் கிளப்பில் 'கார் அப்' என்றால் பின்னாலிருந்து கார் வருகிறது, 'கார் டவுன்' என்றால் எதிரே வருகிறது. சில கிளப்களில் இது நேர் தலைகீழ், அதனால் வேறு குழுவோடு போனால் முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

முதல் சில வாரங்கள் நான் வாயே திறக்கவில்லை. ஒருநாள் கடைசி ஆளாகப் போகும்போது பின்னால் லாரிச் சத்தம். 'கார் அப்!' என்று கத்தினேன். என் குரல் ஒவ்வொருவர் வாயாக முன்னால் போனது, இருவர் இருவராகப் போனவர்கள் ஒற்றை வரிசையானார்கள். இந்த நாட்டில் நான் சொன்ன ஒன்றைப் பத்துப் பேர் கேட்டு உடனே நடந்தது அன்றுதான். (இருவர் பக்கம் பக்கமாக ஓட்டுவதை 2022-இல் திருத்திய ஹைவே கோடு, அதாவது இந்நாட்டின் சாலை விதிப் புத்தகம், அனுமதிக்கிறது. குழுவின் நீளம் பாதியாவதால் முந்திச் செல்பவருக்கும் அதுவே எளிது.)

அடுத்த ஜூனில் லண்டன்–பிரைட்டன் சவாரிக்குப் பெயர் கொடுத்தேன். பிரிட்டிஷ் ஹார்ட் ஃபவுண்டேஷனுக்காக நிதி திரட்டும் 54 மைல் சவாரி அது. என் அப்பாவுக்கு மாரடைப்பு வந்தபோது நான் இங்கே இருந்தேன். போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இதய நோய் ஆராய்ச்சிக்குப் பணம் சேர்ப்பது எனக்கு வெறும் சடங்கு இல்லை.

ஆனாலும் பிறரிடம் பணம் கேட்கக் கூச்சமாக இருந்தது. நன்கொடை கேட்கும் இணையப் பக்கத்தில் அப்பாவைப் பற்றி நாலு வரி எழுதி, இணைப்பைத் தாளில் அச்சிட்டுப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். அவர் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, தன் மனைவியின் படத்தைக் காட்டினார். அவரும் இதய நோயில்தான் போனாராம். இரண்டு வருடம் ஒரே சுவரின் இரண்டு பக்கமும் இருந்திருக்கிறோம். பணம் தருகிறவர்களிடம் கிஃப்ட் எய்ட் பெட்டியை டிக் செய்யச் சொல்ல மறக்காதீர்கள் என்று அவர்தான் சொல்லிக்கொடுத்தார். வரி கட்டுகிறவர் அதைச் செய்தால் ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசு 25 பென்ஸ் சேர்க்கும்.

லண்டனின் கிளாப்பம் காமன் பூங்காவில் விடியற்காலையில் கிளம்பினோம். டர்னர்ஸ் ஹில் ஏற்றத்தில் கால் வலித்தது, ஆனால் எல்லோரும் பயந்தது டிட்ச்லிங் பீக்கன் குன்றுக்குத்தான். ஏறக்குறைய முக்கால்வாசித் தூரத்துக்கு மேல் ஓட்டிக் களைத்த பிறகு அது வரும். மரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து, ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர். நிறையப் பேர் இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தார்கள். அதில் தப்பே இல்லை, பாதியில் நானும் இறங்கினேன். என்னோடு வந்த கிளப் தோழி தானும் இறங்கி, பேசாமல் கூடவே நடந்தார். 248 மீட்டர் உயர உச்சியில் மரங்கள் விலகியதும் தூரத்தில் கடல் தெரிந்தது. அப்பா நினைவு வந்து கொஞ்ச நேரம் புல்லில் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் சவாரி முடியும் பிரைட்டன் கடற்கரைச் சாலையான மடேரா டிரைவ்வரை பெரும்பாலும் இறக்கம்தான்.

இப்போது ஆடாக்ஸ் பக்கம் வந்திருக்கிறேன். குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூரச் சைக்கிள் சவாரி அது. 200 கிலோமீட்டர், பதின்மூன்றரை மணி நேரத்துக்குள். பந்தயம் இல்லை, முதலிடம் கடைசி இடம் கிடையாது. ப்ரெவே என்ற சவாரி அட்டையில், வழியிலுள்ள கண்ட்ரோல்கள் எனப்படும் சோதனை இடங்களில் முத்திரை வாங்க வேண்டும். சில இடங்களில் ஆளே இருக்க மாட்டார், அங்குள்ள பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்ற கேள்விக்கு அட்டையில் பதில் எழுத வேண்டும். முதல் அட்டைக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. பின்விளக்கைத்தான் மாற்ற வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் தன்னிடம் ஒன்று இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்.